இறாற் பண்ணையும் நடுத்தீர்ப்பு மன்றும்: கொக்கட்டிச்சோலை வழக்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சர்வதேச முதலீட்டுச் சட்டம் கற்பிக்கப்படும் பல்கலைக்கழகங்களில் மாணவர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் வழக்குகளுள் ஒன்று ‘ஏ.ஏ.பி.எல். எதிர் இலங்கைக் குடியரசு’ என்பதாகும். இரு அரசுகள் தமக்கிடையே செய்துகொண்ட முதலீட்டு உடன்படிக்கையை மாத்திரமே ஆதாரமாகக் கொண்டு, தனியார் கம்பனியொன்று ஓர் அரசை வாஷிங்டனிலுள்ள முதலீட்டுப் பிணக்குத் தீர்வு நிலையத்தின் முன் நிறுத்திய முதல் வழக்கு அதுவே. 1990 யூன் 27 இல் அதன் தீர்ப்பு வெளிவந்தது. அது திறந்துவிட்ட வழியிற் சென்ற வழக்குகள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஆனால், அவ்வழக்குக்குக் காரணமான இடம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைப் பகுதி என்பதும், அங்கு அந்நிகழ்வு ‘இறால் பண்ணைப் படுகொலை’ என்ற பெயராலேயே இன்றும் நினைவுகூரப்படுகின்றது என்பதும் சட்ட நூல்களைப் படிப்போருட் பெரும்பாலோர் அறியாதவை. மறுதலையாக, படுகொலையை அறிந்த படுவான்கரை மக்களுள்ளும் வழக்கை அறிந்தோர் மிகச் சிலரே. ஒரே நாளின் நிகழ்வு இரு வேறு வரலாறுகளாகப் பிரிந்து நிற்கின்றது. இப்பிரிவு தற்செயலானதன்று, சர்வதேச வணிகச் சட்டம் வளர்ந்த முறையிலேயே அதற்கான காரணம் உண்டு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாக வகுக்கின்றது. கடலை அடுத்த எழுவான்கரையில் நகரும் பாடசாலைகளும் கந்தோர்களும் செறிந்தன. வாவிக்கு அப்பாற்பட்ட படுவான்கரையோ நெல் வயல்களும் மேய்ச்சல் தரைகளும் கொண்ட பிரதேசம். நிலவுடைமையாளரான போடியாருக்கும் அவர்தம் வயல்களிற் பாடுபட்டோருக்கும் இடையிலான உறவே நெடுங்காலம் அதன் சமூக அமைப்பின் முதுகெலும்பாக இருந்தது. மண்முனைத் துறையிற் ‘பாதை’ ஏறியே மக்கள் நகருக்குச் சென்று வந்தனர்.

இப்பிரதேசம் பிணக்குத் தீர்க்கும் முறைகளை அறியாத பிரதேசமன்று. வயல் வெளிகளில் வேலி, வாய்க்கால், கட்டாக்காலி மாடு முதலியன பற்றி எழும் வழக்குகளை வயற்காரர் தெரிவுசெய்த வட்டவிதானையார் அவ்விடத்திலேயே சென்று பார்த்துத் தீர்த்து வைப்பது வழக்கம். 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இத்தகைய பழைய வழமைகளுக்கே சட்டவலு அளிக்க முற்பட்டது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்தில் எந்தக் குடிக்கு எந்த முதன்மை என்பது வண்ணக்கர்மார் காத்துவரும் முறை. அதன் வரிசை பிசகினால் அது ஊர்ப் பிணக்காகிவிடும். இவற்றை இலட்சியமாக்கிக் காட்டுவது எமது நோக்கமன்று. வரிசையின் கடைசியில் நின்றோரும் வரிசைக்கே வராதோரும் அச்சமூகத்தில் இருந்தனர். குத்தகைக்காரனுக்கும் போடியாருக்கும் இடையில் வட்டவிதானையார் எப்போதும் நடுநிலை நின்றார் என்று எவரும் சாதிக்கமாட்டார். எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. இழப்பு ஏற்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, இழந்தவர் யார் யார் என்று கேட்பதே அம்முறையின் முதற் படியாக இருந்தது.

உலக வணிகத்தின் நடுத்தீர்ப்பு வேறு தோற்றுவாய் உடையது. இலங்கையில் 1866 ஆம் ஆண்டிலேயே நடுத்தீர்ப்புக் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதற்கு 13 ஆண்டுகள் முன்னர், 1853 இல், கடனிறுக்க வகையற்றோர் பற்றிய 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. கோப்பித் தோட்டத் துறை 1840 களின் பிற்கூற்றில் கண்ட நெருக்கடியை அடுத்த காலம் அது. வணிகன் வங்குரோத்து ஆகும்போது அவனது எஞ்சிய சொத்தைக் கடன்காரர் எவ்வரிசையிற் பங்கிடுவது என்பதும், வணிகர் இருவர் முரண்படும்போது நீதிமன்றத்துக்கு வெளியே எவ்வாறு தீர்ப்பது என்பதும், குடியேற்றவாதப் பொருளாதாரத்தின் அன்றாடத் தேவைகளாயிருந்தன. இவ்விரு சட்டத் துறைகளும் உடன்பிறந்தவை எனலாம். மூலதனம் கடல் கடந்து செல்லும் போதெல்லாம் இவை இரண்டும் அதன் பின்னே சென்றன.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் அந்நியச் சொத்துகளைத் தேசியமயமாக்கத் தொடங்கியதும் இத்துறை புதிய வேகம் பெற்றது. வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவது பற்றிய நியூயோர்க் சமவாயம் 1958 இலும், அரசுகளுக்கும் பிற நாட்டு முதலீட்டாளருக்கும் இடையிலான பிணக்குகளுக்கென உலக வங்கி முன்னின்று உருவாக்கிய வாஷிங்டன் சமவாயம் 1965 இலும் தோன்றின. 1966 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழுவை அமைத்தது. இவ்வாணைக்குழுவின் தனிச்சிறப்பான கருவியே ‘மாதிரிச் சட்டம்’ என்பது. அது உடன்படிக்கையன்று, எவரையும் கட்டுப்படுத்தாது. அறிஞர் குழுவொன்று தைத்து வைத்த சட்டை போன்றது. விரும்பிய பாராளுமன்றம் அதனை எடுத்துத் தன் அளவுக்குச் சிறிது மாற்றி அணிந்துகொள்ளலாம். சர்வதேச வணிக நடுத்தீர்ப்புக்கான மாதிரிச் சட்டம் 1985 யூன் 21 இலும், எல்லை கடந்த வங்குரோத்துக்கான மாதிரிச் சட்டம் 1997 மே 30 இலும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. 1985 ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தின் முதலாம் உறுப்புரைக்கான அடிக்குறிப்பில், ‘வணிக’ உறவுகள் எவை என்பதற்கு நீண்டதொரு நிரல் தரப்பட்டுள்ளது. பொருள் வழங்கல், முகவர் தொழில், கட்டுமானம், வங்கித் தொழில், காப்புறுதி, முதலீடு, கூட்டு முயற்சி, சரக்கேற்றல் என்றவாறு அது செல்லும். வேலை கொள்வோனுக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவு அந்நிரலில் இல்லை.

இலங்கை இவ்வரலாற்றின் ஓரத்தில் நின்ற நாடன்று. 1962 இல் அந்நியப் பெற்றோலியக் கம்பனிகளின் விநியோக நிலையங்களை அரசு கையேற்றது. நட்டஈடு உடனடியாக வழங்கப்படவில்லை என்ற காரணங்காட்டி, 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. அவ்வாண்டிலேயே மேற்கு ஜேர்மனியுடன் இலங்கை முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டது. 1965 இல் ஆட்சி மாறியதும் எண்ணெய்க் கம்பனிகளுக்கான நட்டஈடு தீர்க்கப்பட்டது; 1967 இல் வாஷிங்டன் சமவாயம் ஏற்றுறுதி செய்யப்பட்டது. இடையில் காற்று வேறு திசையிலும் வீசிற்று. 1974 இல் ஐ.நா. பொதுச்சபை அரசுகளின் பொருளாதார உரிமைகள், கடமைகள் பற்றிய சாசனத்தை நிறைவேற்றி, தேசியமயமாக்கலுக்கான நட்டஈடு உள்நாட்டுச் சட்டப்படி தீர்க்கப்படவேண்டும் என்றது. 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பிலேயே கூடிற்று. ஆனால் 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978 ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 157 ஆம் உறுப்புரை, பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரிக்கும் முதலீட்டு உடன்படிக்கைகளுக்கு இலங்கையிற் சட்டவலு அளித்தது. அந்நிய மூலதனத்துக்கு யாப்பிலேயே ஓர் ஆசனம் போடப்பட்டது என்று கூறினால் மிகையாகாது.

1980 பெப்ரவரி 13 இல் பிரித்தானியாவுடன் முதலீட்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அடுத்த ஆண்டு அது ஹொங்கொங்குக்கும் விரிக்கப்பட்டது. இந்தச் சிறு விரிவாக்கமே பின்னர் படுவான்கரையை உலகச் சட்ட நூல்களுக்குள் கொண்டுசென்றது.

வாவிக் கரைகளிற் கண்டலும் உவர்நிலமும் கலந்த பகுதிகள் இறால் வளர்ப்புக்கு ஏற்றவை. இலங்கையில் வணிக ரீதியான இறால் வளர்ப்பு 1970 களின் பிற்கூற்றிலும் 1980 களின் முற்கூற்றிலும் முதலில் வேர்கொண்டது கிழக்கிலேயாகும். மகிழடித்தீவை அண்டி அமைந்த பண்ணையை நடத்தியது செரண்டிப் சீபூட்ஸ் என்ற இலங்கைக் கம்பனி. அதன் பங்குகளில் ஏறத்தாழ அரைவாசியை ஹொங்கொங்கிற் பதிவுசெய்யப்பட்ட ஏசியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ் என்ற கம்பனி வைத்திருந்தது. சுருக்கப் பெயர் ஏ.ஏ.பி.எல். விளையும் இறால் யப்பானியச் சந்தைக்கு உரியது. மூலதனம் ஹொங்கொங், சந்தை யப்பான், நீரும் நிலமும் உழைப்பும் படுவான்கரை. 1977 இன் பின்னரான பொருளாதாரக் கொள்கையின் சிறு மாதிரி வடிவமாகவே இப்பண்ணையைக் கொள்ளலாம். வயலை விட்டால் வேறு வேலை அரிதான கிராமங்களின் இளைஞர்களுக்கு அது மாதச் சம்பளம் தந்தது என்பதையும் மறைக்கலாகாது.

1987 சனவரி 28 ஆம் நாள், பொலிஸ் திணைக்களத்தின் விசேட அதிரடிப்படை இப்பகுதியிற் பாரிய நடவடிக்கை ஒன்றை மேற்கொண்டது. பண்ணை அழிந்தது. அதன் ஊழியருள் இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அயற் கிராமத்தவரையும் சேர்த்து இறந்தோர் தொகை எண்பதுக்கு மேல் என மனித உரிமைப் பதிவுகள் கூறுகின்றன. ஊரவர் கணக்கு அதனினும் கூடியது. பண்ணை கிளர்ச்சியாளரின் தளமாகப் பயன்பட்டது என்பதும், நிகழ்ந்தது சமரே என்பதும் அரசின் நிலைப்பாடு. கட்டுப்பாடற்ற படையினரே அழிவையும் கொலைகளையும் செய்தனர் என்பது கம்பனியின் வாதம்.

அவ்வாண்டு யூலையில் ஏ.ஏ.பி.எல். தன் கோரிக்கையை வாஷிங்டனிற் சமர்ப்பித்தது. அது கேட்ட தொகை 80,67,368 அமெரிக்க டொலர். எகிப்தைச் சேர்ந்த அஹ்மத் சாதிக் எல்-கொஷேரி தலைமையில், பிரான்சின் பெர்த்தோல்ட் கோல்ட்மன், கானாவின் சாமுவேல் அசந்தே ஆகிய மூவர் நடுத்தீர்ப்பாளராக அமர்ந்தனர். இலங்கை அரசுடன் இக்கம்பனி நடுத்தீர்ப்பு ஒப்பந்தம் எதுவும் செய்திருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நடுத்தீர்ப்பு என்றால் இரு தரப்பும் முன்கூட்டியே இணங்குவது என்பதே வணிகரின் பழைய இலக்கணம். 1985 ஆம் ஆண்டு மாதிரிச் சட்டமும் அந்த இணக்கத்தையே அத்திவாரமாகக் கொள்கின்றது. இங்கோ, 1980 இல் லண்டனுக்கு அளித்த வாக்குறுதி, எந்த ஹொங்கொங் கம்பனியும் எப்போது வேண்டுமாயினும் ஏற்கக்கூடிய நிலையான இணக்கமாகக் கொள்ளப்பட்டது. பிற்காலத்து முதலீட்டு வழக்குகள் யாவும் நுழைந்த வாயில் இதுவே.

தீர்ப்பின் போக்கைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். ‘முழுமையான பாதுகாப்பு’ என்ற சொற்றொடர், இழப்பு நேர்ந்தாலே அரசு பொறுப்பு என்னும் கடுமையான கடப்பாட்டைச் சுமத்துகின்றது என்ற கம்பனியின் வாதத்தை மன்று ஏற்கவில்லை. அடுத்து, படையினர் சமர் நடவடிக்கைக்கு அப்பால், தேவையின்றிச் சொத்தை அழித்தால் போதிய நட்டஈடு என்று கூறும் உடன்படிக்கையின் நான்காம் உறுப்புரை ஆராயப்பட்டது. பண்ணையை அழித்தவர் இன்னாரென்று போதிய சான்றுடன் நிறுவப்படவில்லை; நிறுவும் சுமை கம்பனிக்கே உரியது; ஆகவே அவ்வழியும் அடைபட்டது. அங்கே நின்றவர்களுட் பலர் உயிருடன் இல்லாத ஒரு வழக்கிற் சான்று போதாமற் போனதில் வியப்பதற்கு என்ன இருக்கின்றது?

இறுதியில் மன்று தங்கிய இடம், சர்வதேசச் சட்டம் ஒவ்வோர் அரசிடமும் எதிர்பார்க்கும் உரிய கவனம் என்ற குறைந்தபட்ச நியமம். நடவடிக்கைக்குச் சில நாட்கள் முன்னரே கம்பனியின் நிருவாகம் பாதுகாப்பு அதிகாரிகளைச் சந்தித்து, ஊழியருள் எவர்மீதேனும் ஐயமிருப்பின் அவர்களை விலக்கத் தாம் ஆயத்தம் எனத் தெரிவித்திருந்தது. அரசு அவ்வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை. விரும்பத்தகாதோரை அமைதியாக வெளியேற்றச் சொல்லும் அதிகாரம் கையிலிருக்க, அதனை நாடாது நேரே ஆயுத நடவடிக்கையில் இறங்கியது உரிய கவனமாகாது என்று மன்று கண்டது. அவ்வாறு செய்திருந்தாற் கொலைகளும் அழிவும் தவிர்ந்திருக்கக்கூடும் என்ற கருத்தும் தீர்ப்பில் உண்டு. மன்று கொலைகளைக் காணாமல் விட்டது என்று கூறுவது நியாயமாகாது, கண்டது, குறிப்பிட்டது. ஆனால் அத்தர்க்கத்தில் தொழிலாளி எந்த இடத்தில் நிற்கின்றான் என்பதைக் கூர்ந்து நோக்குக. பாதுகாக்கப்படவேண்டிய பொருள் முதலீடு. ஐயத்துக்குரிய ஊழியன், முன்கூட்டியே அகற்றப்பட்டிருக்கவேண்டிய ஆபத்து. அரசின் தவறு, அவனை வேலையிலிருந்து நீக்குவிக்கும் எளிய வழியை மறந்தமை. கொல்லப்பட்டவன், தன் கொலைக்கான காரணமும் தன் முதலாளியின் நட்டஈட்டுக்கான காரணமும் ஆகிவிடுகின்றான்.

பெறுமதி கணித்த முறையும் அறியத்தக்கது. அழிவுக்கு முந்திய நாளான 1987 சனவரி 27 இல், விருப்பமுள்ள ஒருவர் ஏ.ஏ.பி.எல். இன் பங்குகளை வாங்க முன்வந்திருந்தால் என்ன விலை கொடுத்திருப்பார்? இதுவே கேள்வி. கம்பனி புதியது, சந்தையிற் சில ஆண்டுகளேனும் நிலைத்து நின்றாலன்றி நன்மதிப்புக்குப் பெறுமதி இல்லை, எதிர்கால இலாபமும் நிறுவப்படவில்லை. எனவே தொட்டறியத்தக்க சொத்துகளின் பெறுமதியிலிருந்து கம்பனியின் கடன்களைக் கழித்து, எஞ்சியதில் ஏ.ஏ.பி.எல். இன் பங்கு கணிக்கப்பட்டது. கிடைத்தது 4,60,000 டொலர். கேட்டதில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. அதற்கு 1987 யூலை 9 முதல் செலுத்தும் நாள்வரை ஆண்டுக்கு 10 சதவீத வட்டி.

இங்கேதான் வங்குரோத்துச் சட்டம் நம் ஆய்வுக்குள் வருகின்றது. கம்பனியொன்று முறிந்து கலைக்கப்படும்போது அதன் எஞ்சிய சொத்தைப் பங்கிடுவதற்கு எல்லா நாட்டுச் சட்டங்களிலும் ஒரு வரிசை உண்டு. ஈடு பெற்ற கடன்காரர், தொழிலாளரின் நிலுவை வேதனம் முதலிய முன்னுரிமைக் கடன்கள், ஏனைய கடன்காரர் என்று அது செல்லும். பங்குதாரர் எங்கும் கடைசி. இலாபம் வந்தால் அளவின்றிப் பெறுவோர் அவர்களே. ஆதலால் நட்டம் வந்தால் முதலில் இழப்போரும் அவர்களாகவே இருக்கவேண்டும் என்பது அவ்வரிசையின் நியாயம். ஆலய வரிசையை அறிந்த கொக்கட்டிச்சோலையாருக்கு இதனை விளக்கப் பெருமுயற்சி வேண்டியதில்லை. 1997 ஆம் ஆண்டு மாதிரிச் சட்டமும் இவ்வரிசையை உலகளாவிய அளவிற் காக்கும் முயற்சியே. கடனாளியின் நலன்களின் மையம் எந்நாட்டில் உள்ளதோ அந்நாட்டு நடவடிக்கையைப் பிற நாட்டு நீதிமன்றங்கள் முதன்மையானதாக ஏற்கவேண்டும். பிறநாட்டுக் கடன்காரர் உள்நாட்டாரிலும் தாழ்வாக நடத்தப்படலாகாது. ஓரிடத்தில் ஏற்கனவே பங்கு பெற்றவர் மற்றோரிடத்தில் தம் நிலையினருக்கு மேலாகப் பெறலாகாது. ஐக்கிய அமெரிக்கா 2005 இலும், பிரித்தானியா 2006 இலும், சிங்கப்பூர் 2017 இலும் இதனைத் தம் சட்டமாக்கின.

செரண்டிப் சீபூட்ஸின் நலன்களின் மையம் எங்கே இருந்தது என்பதில் ஐயத்துக்கு இடமுண்டா? அது இலங்கைக் கம்பனி. அதன் உடைமை படுவான்கரையில். அதன் தொழிலாளரும் அங்கேயே. ஆயினும் இலங்கைக் கம்பனி என்ற அதே காரணத்தால் வாஷிங்டனில் அதற்கு வழக்கிட உரிமை இருக்கவில்லை. அதன் இலங்கைப் பங்குதாரருக்கு இல்லை. கடன் கொடுத்தோருக்கு இல்லை. தொழிலாளருக்கு எவ்விதத்திலும் இல்லை. உரிமை பெற்றிருந்தது ஹொங்கொங்கிற் பதிவாகிய பங்குதாரர் மாத்திரமே. மன்று கடன்களைக் கழித்துப் பார்த்தது உண்மை. அதாவது வரிசையைக் கணக்கில் மதித்தது. ஆனால் கழித்த தொகை கடன்காரரைச் சென்றடையவில்லை. ஏட்டிற் கழிந்தது, அவ்வளவே. வரிசையின் கடைசியில் நின்றவர் தனிக் கதவால் உள்ளே அழைக்கப்பட்டார். முன்னே நின்றோர் வெளியே நின்றனர். முதலீட்டுச் சட்ட அறிஞர், பங்குதாரர் கம்பனியின் இழப்பைத் தம் இழப்பாகக் காட்டிக் கோருவதன் சிக்கல் பற்றிப் பின்னர் ஏராளமாக எழுதியுள்ளனர். அச்சிக்கலின் தொடக்கம் முதல் வழக்கிலேயே உள்ளது.

முற்போக்காளரை இவ்வழக்கு ஒரு சங்கடத்துக்கும் உள்ளாக்குகின்றது. மூவருள் ஒருவரான அசந்தே தீர்ப்புடன் முரண்பட்டார். ஆபிரிக்காவின் புதிய அரசுகளுக்கும் பன்னாட்டுக் கம்பனிகளுக்கும் இடையிலான உடன்பாடுகளை நன்கறிந்த அறிஞர் அவர். ஆயுத மோதற் சூழலுக்கென்றே நான்காம் உறுப்புரை இருக்கையில், அதன் நிபந்தனைகள் நிறுவப்படாதபோது பொது நியமத்தின் வழியாக அரசைப் பொறுப்பாக்குவது பொருந்தாது என்பது அவரது நிலைப்பாட்டின் சாரம். மூன்றாம் உலக நாடுகளின் இறைமையை மதிக்கும் எவரும் அந்நிலைப்பாட்டின் நியாயத்தை உணர்வர். அந்நிய மூலதனத்தின் ஒவ்வொரு நட்டத்துக்கும் ஏழை நாட்டின் திறைசேரி காப்புறுதிக் கம்பனியாக முடியாது. ஆனால் இவ்வழக்கில் அவ்விறைமை எவ்வடிவில் வந்து நிற்கின்றது? தன் குடிமக்களைக் கொன்ற படையின் வடிவில். பெரும்பான்மைத் தீர்ப்பை ஆதரித்தால் மூலதனத்தின் பக்கம். மறுத்துரைத்தவரை ஆதரித்தால் அதிரடிப்படையின் பக்கம். இத்தேர்வு பொய்யானது என்பதே எமது கருத்து. இறந்தோருக்கு இரு பக்கத்திலும் இடம் இல்லாதபடி கேள்வி அமைக்கப்பட்டிருந்தது.

அவர்களுக்கு வேறு மன்று இருந்ததா? பிரித்தானிய உடன்படிக்கை கைச்சாத்தான அதே 1980 இல், யூன் மாதத்தில், குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையில் இலங்கை இணைந்தது. உயிர்வாழும் உரிமையை உறுதிசெய்யும் ஆவணம் அது. ஆனால் தனியாள் முறையிடும் உரிமையைத் தரும் விருப்புரிமை நெறிமுறை ஏற்கப்பட்டது 1997 இலேயே. ஆகவே 1987 இல் பங்குதாரர் நேரே சர்வதேச மன்றுக்குச் செல்லலாம். கொல்லப்பட்டவனின் தாய் செல்ல முடியாது. உள்நாட்டிலோ, உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு கொண்டுசெல்ல யாப்பு கொடுத்த அவகாசம் ஒரு மாதம். அவசரகாலச் சட்டத்தின் கீழிருந்த படுவான்கரையிலிருந்து, வாவி கடந்து, கொழும்புக்கு.

அதன்மேல் மற்றொரு கதவும் அடைபட்டது. அரச அலுவலர் நல்லெண்ணத்துடன் செய்த செயல்களுக்காக அவர்மீது வழக்கிடலாகாது எனக் காக்கும் இழப்பெதிர்காப்புச் சட்டம், முதலில் 1982 இல் 1977 ஆகஸ்ட் நிகழ்வுகளுக்காக இயற்றப்பட்டது. 1988 இல் அது திருத்தப்பட்டு, 1977 ஆகஸ்ட் 1 முதல் 1988 டிசம்பர் 16 வரையான காலம் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலை நாள் அக்காலத்துள் அடங்கும். வாஷிங்டனில் வழக்கு நடந்துகொண்டிருந்த வேளையிலேயே கொழும்பில் இத்திருத்தம் நிறைவேறியது. ஆட்கள் காணாமற் போனமை பற்றி 1994 இல் அமைக்கப்பட்ட பிராந்திய ஆணைக்குழுக்களுக்கும் 1988 சனவரி 1 க்குப் பிந்தியவையே ஒப்படைக்கப்பட்டன.

1991 யூன் 12 இல் அதே மகிழடித்தீவு, முனைக்காடு, முதலைக்குடாக் கிராமங்களில் மீண்டும் படுகொலை நிகழ்ந்தது, இம்முறை இராணுவத்தினரால். சனாதிபதி விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அது 67 பேர் இறந்தமையைக் கண்டு நட்டஈட்டுக்குப் பரிந்துரைத்தது. இராணுவ மன்றின் முன் நிறுத்தப்பட்டோருள் அதிகாரி ஒருவர், தம் கீழுள்ளோரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் சடலங்களை முறையின்றி அகற்றியமைக்காகவும் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். ஏனையோர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டனர். குறைபாடுகள் பலவாயினும், இழந்தவர் யார் யார் என்று ஒருமுறை கேட்கப்பட்டது. 1987 க்கு அதுவும் இல்லை.

1997 இல் திறந்த சர்வதேசக் கதவின் கதையும் சுருக்கமானதே. 1993 இல் மட்டக்களப்பிற் கைதாகி, ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் நீண்ட சிறைத்தண்டனை பெற்ற தமிழ்க் கைதியொருவர் அவ்வழியிற் சென்றார். நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004 இல் முடிவுசெய்தது. அம்முடிவை வைத்து அவர் உயர் நீதிமன்றை நாடியபோது, பாராளுமன்றத்தின் சட்டமின்றிச் சனாதிபதி அந்நெறிமுறையில் இணைந்தமை யாப்புக்கு முரணானது, அதற்கு உள்நாட்டில் வலுவில்லை என 2006 செப்டெம்பரில் நீதிமன்றம் தீர்த்தது. முதலீட்டு உடன்படிக்கைகளுக்கு 157 ஆம் உறுப்புரை இருந்தது. மனித உரிமைப் பொருத்தனைகளுக்கு அத்தகைய உறுப்புரை யாப்பில் இல்லை. வாஷிங்டன் தீர்ப்பையோ, சமவாயத்தின் 54 ஆம் உறுப்புரைப்படி, எல்லா உறுப்பு நாடுகளும் தம் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பாகவே மதித்துப் பணக் கடப்பாட்டை நிறைவேற்றவேண்டும்.

நடுத்தீர்ப்பு மாதிரிச் சட்டத்தைப் பெரிதும் தழுவி இலங்கை 1995 இல் 11 ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றி, 1866 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை நீக்கியது. நடுத்தீர்ப்புகளை நிறைவேற்றும் அதிகாரம் கொழும்பு நீதி வலயத்து மேல் நீதிமன்றத்துக்கு உரியதாக்கப்பட்டது. பிற வலயங்களை அமைச்சர் வர்த்தமானி மூலம் குறிக்கலாம் என்று ஏற்பாடு உண்டு. இறால் வளர்ப்போ போரினாற் கிழக்கைவிட்டு வடமேற்கே புத்தளம், சிலாபம் கரைகளுக்குப் பெயர்ந்தது. 1996 இல் அங்கு வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் பல பாழாயின.

2014 ஏப்ரிலில் மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டது. யப்பானின் நன்கொடையில் அது கட்டப்பட்டது. ‘பாதை’க்குக் காத்திருக்கத் தேவையின்றி இப்போது சில நிமிடங்களில் வாவியைக் கடந்துவிடலாம். அக்கரையில், மகிழடித்தீவில், ஆண்டுதோறும் சனவரி 28 இல் உறவினர் கூடி விளக்கேற்றுகின்றனர்.